ஒரே மூச்சில் முப்பத்தொன்று

"11-10-1983, செவ்வாய். காலை 6.00: 1.24. மாலை 5.30: 1.42. மதகில் மாற்றம் இல்லை. மழை இல்லை."

உத்தமபாளையம் பக்கத்து வாய்க்கால் ஒன்றின் நீர்மட்டப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் வரி இது. பொதுப்பணித் துறையில் என் வேலை, வாய்க்கால் சுவரில் பதித்த அளவுப் பலகையைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுவது. பதிவேடு அலுவலகத்துக்குப் போய்விடும் என்பதால் எல்லா எண்களையும் சொந்தக் குறிப்பேட்டிலும் பிரதி எடுத்து வைப்பேன். அந்தப் பழக்கத்துக்காகப் பலர் என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் தேதிகள் எல்லாம் அந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. நினைவிலிருந்து எழுதிய இடங்களை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மேலே உள்ள வரி தவறு. மதகைத் திறக்காமல், மழையும் இல்லாமல், தண்ணீர் பதினெட்டு சென்டிமீட்டர் ஏறாது. வியாழக்கிழமை ஓவர்சியர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏய்யா, மதகத் தெறக்கல, மழையும் இல்ல. தண்ணி எங்கிட்டிருந்து வந்துச்சு? ஒங்க வீட்டம்மா கொடத்துல கொண்டாந்து ஊத்துச்சா?"

"பலகை ரெண்டாத் தெரிஞ்சது சார். ஒண்ணுக்கு மேல ஒண்ணா."

"ரெண்டாத் தெரியுற அளவுக்கு எந்தக் கடையில ஏத்துனீரு?"

நான் குடிப்பவன் அல்ல. ராயப்பன்பட்டி மாதா கோயிலில் பூசையில் பைபிள் வாசகம் படிக்கிறவன். அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. மறுநாள் மாலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், பலகை ஒன்றாகிவிட்டது. அன்றிலிருந்து மாலையில் ஒற்றைக் கண்ணால் படித்து எழுதினேன். எண்கள் சரியாக வந்தன. ஓவர்சியர் திட்டவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. நோயை மறைத்த முதல் ஆள் நானே என்பதைப் பதிவுக்காக இங்கே எழுதுகிறேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

நவம்பர் 6, ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாலை அளவு எடுக்க வேண்டுமே என்று மதகுக் கொட்டகைக்குப் போய், சாக்கு விரித்துப் படுத்தேன். நான்கு மணிக்கு விழித்தபோது இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. காபித் தூக்கோடு வந்த என் மனைவி ஆரோக்கியம் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏங்க, கண்ண நல்லாத் தெறங்க."

"தொறந்துதேன் இருக்கு" என்றேன். குரல் மூக்கால் வந்தது.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் களை எடுத்தவர்கள் ஓடி வந்தார்கள். எங்கள் பக்கத்தில் தூங்கி எழுந்தவனுக்கு இமை தொங்கினால் யாரும் வேறெதையும் யோசிக்க மாட்டார்கள். கட்டுவிரியன். அது கடித்தால் வலிக்காது, கடிவாயும் தெரியாது, இமைதான் முதலில் விழும். இது உண்மையும்கூட; பிறகு பார்த்த மருத்துவர்கள் எல்லாருமே அதை ஒப்புக்கொண்டார்கள்.

விஷம் ஏறியிருந்தால் வேப்பிலை கசக்காது என்பது ஊர்ச் சோதனை. ஒரு கொத்தை உருவி என் வாயில் திணித்தார்கள்.

"கசக்குதா?"

"கசக்குது."

"நல்லா மெல்லச் சொல்லுங்க ஆத்தா, அவுக சும்மா சொல்றாக" என்றார் ஒருவர் ஆரோக்கியத்திடம்.

மென்றேன். இருபது முப்பது தடவைக்குள் தாடை நின்றுபோனது. இலை வாயிலேயே கிடந்தது. விஷம் தாடைக்கு வந்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தூங்கவிடக் கூடாது என்பது அடுத்த விதி. இரண்டு பேர் தோள் கொடுத்து என்னைக் கரையில் மேலும் கீழும் நடத்தினார்கள். நடக்க நடக்கக் கால் துவண்டது. துவளத் துவள இன்னும் வேகமாக நடத்தினார்கள். என் நோய்க்குச் செய்யக் கூடாதவை இரண்டே. ஒன்று, ஒரே தசைக்கு விடாமல் வேலை கொடுப்பது. மற்றது, ஓய்வைப் பறிப்பது. இரண்டையும் அன்று பாசத்தோடு செய்தார்கள்.

அதற்குள் ஆரோக்கியத்தின் தம்பி அருள்தாஸ் வந்து சேர்ந்தான். நாங்கள் தாசு என்போம். கொச்சியிலிருந்து குமுளி வழியாக வரும் மீனை வாங்கிக் கம்பம், உத்தமபாளையம் சந்தைகளில் விற்கிறவன். என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். வந்ததும் அவன் சாக்கை உதறினான். ஒரு பாம்பு ஓடியது, அடித்தான். கறுப்பில் வெள்ளைப் பட்டை என்றான். கழுத்துப் பக்கம் பட்டை இருந்ததா, வால் பக்கமா என்று பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன். பட்டை உள்ள விஷமில்லாப் பாம்பும் நம் வயல்களில் உண்டு. அவன் பார்த்து வைக்கவில்லை. அங்கனயே சருகைப் போட்டு எரித்துவிட்டான்.

தாலுகா ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பாம்பைக் கொண்டாந்தீங்களா?"

"எரிச்சுட்டோம் சார், நல்லா எரிச்சுட்டோம்" என்றான் தாசு, அவர் பாராட்டப் போகிறார் என்று நினைத்து.

விஷமுறிவு மருந்தும் நியோஸ்டிக்மின் என்ற ஊசியும் போட்டார்கள். இருபது நிமிடத்தில் என் இமைகள் மேலே ஏறின. சுவர்க் கடிகாரம் ஒன்றாகத் தெரிந்தது. ஆரோக்கியம் வார்டிலேயே முழங்காலிட்டுவிட்டாள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஓவர்சியர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, கடைப் பேச்சுக்கு வருத்தம் தெரிவித்தார். எல்லாருக்கும் விளங்குகிற ஒரு கதை கிடைத்துவிட்டது. அக்டோபர் 11-க்கு மட்டும் அந்தக் கதையில் இடம் இல்லை. பாம்பு கடிப்பதற்கு இருபத்தாறு நாள் முன்பே பலகை இரண்டாகத் தெரிந்தது ஏன்? குறிப்பேட்டில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

டிசம்பர் 25, ஞாயிறு. பண்டிகைச் சாப்பாட்டில் நான் விழுங்கிய சோறும் குழம்பும் மூக்கு வழியே திரும்பி வந்தன. பந்தியில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மச்சினன் வீட்டுக் குழந்தைகள் சிரித்தன. ஆரோக்கியம் சிரிக்கவில்லை.

"விஷம் இன்னும் மிச்சம் இருக்கு" என்றாள்.

*

1984 ஜனவரி 3, செவ்வாய். மதுரையில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் வார்டில் என்னைச் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம், அங்கே குறை சொல்லவும் எனக்கு ஒன்றும் இல்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்த மூன்று மணி நேரத்தில் என் இமைகள் இரண்டு முறை விழுந்து எழுந்தன. பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். டாக்டரம்மா என்றே எழுதுகிறேன்.

"காலையில அதிகமா, சாயங்காலம் அதிகமா?" என்று கேட்டார்.

நான் குறிப்பேட்டைக் கொடுத்தேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர். காலை எண்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. மாலை எண்களில் பாதி அடித்துத் திருத்தியவை, கையெழுத்தும் கோணல். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். வெளியே வரிசை நீண்டிருந்தது, அவர் நிறுத்தவில்லை.

"இது வாய்க்காலோட கணக்கு இல்லங்க. உங்க கண்ணோட கணக்கு" என்றார்.

நோயின் பெயர் மையஸ்தீனியா கிராவிஸ். அவர் சொன்னதை என் தொழிலின் சொற்களில் எழுதுகிறேன். நரம்பு தசைக்கு நேரே கட்டளை இடுவதில்லை. நரம்பின் நுனியில் ஒரு ரசாயனம் திறந்துவிடப்படுகிறது. தசையின் மேல் அதை வாங்கிக்கொள்ளும் சிறு மடைகள் உண்டு. ஏற்பிகள் என்று பெயர். மடை வாங்கினால்தான் தசை அசையும். கிருமி வந்தால் பிடிப்பதற்காக நம் ரத்தம் காவலாட்களை உண்டாக்குகிறது. அவை எதிர்ப்பொருள்கள். எனக்கு அந்தக் காவலாட்கள் ஆள் தெரியாமல் சொந்த மடைகளையே பிடித்து அடைக்கின்றன. தூங்கி எழுந்த காலையில் நரம்பு நுனியில் ரசாயனம் நிறைய இருப்பதால் மிஞ்சிய மடைகளே போதும். மாலைக்குள் பற்றாமல் போகிறது; பிற்பகலில் போடும் குட்டித் தூக்கம் அதைச் சரிக்கட்டப் போதாது. நியோஸ்டிக்மின், அந்த ரசாயனம் வடிந்துபோகாமல் சற்று நேரம் தேக்கி வைக்கும் மருந்து. பாம்பு விஷத்தாலும் மடை அடைபடலாம் என்பதால் தாலுகா ஆஸ்பத்திரியில் அதைப் போட்டார்கள். பாம்போ இல்லையோ, எனக்கு அது வேலை செய்திருக்கும்.

பிறகு அவர் மூச்சை முழுதாக இழுக்கச் சொன்னார். "இப்ப ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு சத்தமா எண்ணுங்க."

முப்பத்தொன்றில் நின்றது. நல்ல ஆளுக்கு ஐம்பது வரை போகும் என்றார். அதே மூச்சில் மெதுவாக இன்னொன்றும் சொன்னார். பதினைந்துக்குக் கீழே போனால் தொண்டையில் குழாய் வைக்க வேண்டி வரும்.

அன்றிலிருந்து நான் பார்த்து எழுத வேண்டிய பலகை அது. காலை ஆறு, மாலை ஐந்தரை.

மார்புக்கூட்டுக்குள் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பலருக்கு இந்தக் காவலாட்களின் தொல்லை குறைகிறது. ஆனால் அதற்கு நெஞ்செலும்பை நடுவில் அறுக்க வேண்டும். அறுவை மருத்துவர் வந்து என் தாள்களைப் பார்த்தார். எக்ஸ்ரேயில் சுரப்பி தெரியவில்லை. நரம்புக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்த சோதனையில் "இருக்கலாம்" என்றுதான் எழுதியிருந்தது. நடுவில் ஒரு பாம்புக் கதை வேறு.

"இருக்கலாம்னு சொல்லி நான் நெஞ்சை அறுக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னது நியாயம். நெஞ்சு என்னுடையது என்பதால் எனக்கும் அதில் உடன்பாடே.

மிச்சம் இருந்தது ஒரே வழி. என் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று நேராகவே பார்ப்பது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டரம்மாவுடன் படித்தவர் அதைச் செய்துகொண்டிருந்தார். என்னென்ன வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதை ஆரோக்கியமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விபத்திலோ நோயிலோ வெட்டி எடுத்த மனிதக் காலின் கெண்டைத் தசையை அரைத்து, அதிலிருந்து ஏற்பிகளைப் பிரிப்பார்கள். ஏற்பிகள் கண்ணுக்குத் தெரியாது. அவற்றை விடாமல் பற்றிக்கொள்ளும் ஒரு பொருளில் கதிரியக்க அயோடினை ஏற்றி அடையாளம் வைப்பார்கள். அந்தப் பொருள் கட்டுவிரியன் இனத்து வெளிநாட்டுப் பாம்பு ஒன்றின் விஷம். இந்தக் கலவையில் என் ரத்தத்தின் தெளிந்த நீரை விடுவார்கள். காவலாட்கள் இருந்தால் ஏற்பியைப் பிடிக்கும். கடைசியில், மனித எதிர்ப்பொருளைப் பிடிப்பதற்கென்றே ஆட்டின் உடம்பில் உண்டாக்கிய இன்னோர் எதிர்ப்பொருளை ஊற்றினால், எல்லாம் சேர்ந்து அடியில் படியும். படிவில் கதிரியக்கம் இருந்தால் நோய் உறுதி.

ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வெட்டுன காலு, பாம்பு வெசம், ஆட்டு ரத்தம். என்னங்க டாக்டரம்மா, செய்வினை வக்கிறவக கேக்குற சாமான் மாதிரியில்ல இருக்கு?"

டாக்டரம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அயோடின் அறுபது நாளில் பாதியாகத் தேய்ந்துவிடுமாம். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரவழைத்து, சேர்ந்திருக்கும் ரத்தங்களை மொத்தமாகச் சோதிப்பார்கள். அடுத்த சோதனை ஜனவரி 20. அதைத் தவறவிட்டால் மார்ச் கடைசி. என் எண் ஜனவரி 9 அன்று இருபத்தொன்பது. மார்ச் வரை போகுமா என்று கணக்குப் போட எனக்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை.

*

ரத்தம் குளிர்ச்சியாகப் போக வேண்டும். ஐஸ் என்றால் எங்கள் குடும்பத்தில் தாசு இருக்கிறான்.

9-ஆம் தேதி காலை ரத்தம் எடுத்தார்கள். தெளிநீரைப் பிரிக்கும் இயந்திரம் அன்று பழுது. பெங்களூரில் பிரித்துக்கொள்வார்கள் என்று குழாயை அப்படியே கொடுத்தார்கள். தாசு உமி நிரப்பிய மரப்பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, நடுவில் குழாயை வைத்தான். முன் அனுபவம் உள்ளவனுக்கே உரிய நிதானத்தோடு, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து இரண்டு கை கல்லுப்பை ஐஸின் மேல் தூவினான். வார்டில் படுத்தபடி அதைப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நர்ஸும் பார்த்தார். அவருக்கும் தோன்றவில்லை.

12-ஆம் தேதி திரும்பி வந்தவன் என் கட்டிலுக்கு வராமல் ஜன்னலோரம் நின்றான். கையில் ஆராய்ச்சிக்கூடத்தின் சீட்டு. ரத்தம் உறைந்து கட்டியாகி, சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன, சோதனைக்கு உதவாது, வேறு அனுப்பவும்.

உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் கடுமையாகக் குளிரும். மீனுக்கு அது நல்லது. பிரிக்காத ரத்தத்துக்கு அது கேடு.

"கொச்சியில இருந்து அயிலையும் மத்தியும் அப்படித்தேன் மாமா வருது" என்றான் ஜன்னலைப் பார்த்தபடியே. "கண்ணு கலங்காம வருது. மீனுக்கு ஆகுறது மனுசனுக்கு ஆகாதுன்னு எனக்கு எவன் சொன்னான்?"

"ஏலே, ஒனக்கு அறிவு இருக்கா? அவுக என்ன கருவாடா?" என்று ஆரோக்கியம் பாய்ந்தாள்.

"விடு. உப்புப் போடாதன்னு யாரும் சொல்லலை" என்றேன். சொன்னது ஐந்து சொல். அன்றைய நிலையில் அது அதிகம்.

பொங்கல் விடுமுறை குறுக்கே வந்தது. இயந்திரம் பழுதுபார்க்க ஆள் 17-ஆம் தேதிதான் வருவார். அந்த நாட்களை எப்படிக் கழித்தோம் என்பதற்குக் குறிப்பேட்டில் எண்கள் மட்டுமே உள்ளன. 12: இருபத்தாறு. 15: இருபத்திரண்டு. மாலை எண்கள் இவற்றைவிடக் குறைவு; அவற்றை ஆரோக்கியத்துக்குத் தெரியாமல் எழுதினேன். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் எண்ணும்போது அவளும் கூடவே வாய்க்குள் எண்ணியிருக்கிறாள். சண்டை போடவில்லை. மறுநாள் முதல் கஞ்சியை இன்னும் கொஞ்சம் நீர்க்கக் காய்ச்சி, நான் விழுங்கி முடிக்கும்வரை தன் தொண்டையையும் அசைத்துக்கொண்டே இருந்தாள். எல்லாப் பத்தியச் சாப்பாட்டையும்விட அந்தத் தொண்டை அசைவு எனக்கு உதவியது.

17-ஆம் தேதி, செவ்வாய். தெளிநீரைப் பிரித்து, மூடியில் மெழுகு வைத்துக் கொடுத்தார்கள். தாசு பெட்டியைச் சோப்புப் போட்டுப் பலமுறை கழுவியிருந்தான். தன் சட்டைப் பை, வேட்டி மடி, பெட்டி எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் காட்டினான்.

"உப்பு இல்லம்மா. பாத்துக்கங்க. நாக்குல வேணா தொட்டுப் பாருங்க."

பெங்களூர் பஸ்ஸில் நடந்ததை அவன் பிறகு சொன்னான். சோப்புப் போட்டும் மீன் வாடை போகவில்லை. கண்டக்டர் இறங்கச் சொல்லியிருக்கிறார்.

"மீன் இல்லண்ணே, எங்க மாமாவோட ரத்தம்" என்றிருக்கிறான் இவன்.

அதன்பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து முன்னால் போய்விட, மூன்று பேர் இருக்கையில் இவனும் பெட்டியும் மட்டும் போய்ச் சேர்ந்தார்கள். பதினெட்டாம் தேதி காலை குழாயை ஒப்படைத்தான். நன்றாக இருக்கிறது என்று வாங்கியவர் சொல்லும்வரை அந்த வாசலை விட்டு நகரவில்லை.

அன்று என் எண் பத்தொன்பது. 20-ஆம் தேதி பதினாறு.

*

ஜனவரி 21, சனி. காலை ஆறு மணிக்குப் பதினான்கு. நானே எழுதினேன். அடுத்த வரி ஆரோக்கியத்தின் கையெழுத்து: "பகல் 11.40. ஒன்பது."

தொண்டையில் குழாய் வைத்தார்கள். மூச்சுவிட உதவும் இயந்திரங்கள் அந்த மருத்துவமனையில் இரண்டு. இரண்டிலும் ஆள் இருந்தது. குழாயோடு ஒரு ரப்பர் பையை இணைத்து, அதைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சு கொடுக்க வேண்டும். ஊழியர்களுக்கு வேறு நோயாளிகளும் உண்டு. தாசுவுக்கும் ஆரோக்கியத்துக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதியதே இந்த இடத்துக்காகத்தான். என் இமைகள் மூடியிருந்தன, விரல் அசையவில்லை. நான் மயக்கத்தில் இருப்பதாகப் பார்க்க வந்தவர்கள் நினைத்தார்கள். நான் முழு நினைவோடு இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மூக்கில் உட்கார்ந்த ஈ தெரிந்தது. பையை அமுக்குகிறவர் கொட்டாவி விட்டால், அடுத்த மூச்சு தாமதமாகும் என்பதும் தெரிந்தது. இந்த நோயாளியின் கட்டிலருகே நிற்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவருக்குக் கேட்கும். அவரிடம் பேசுங்கள்.

தாசு பேசினான். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"மாமா, முப்பத்தெட்டாவது அமுக்கு. எண்ணுறீகளா? எண்ணுவீக, எனக்குத் தெரியும். நான் தப்பா எண்ணுனா எந்திரிச்சுத் திட்டணும், ஆமா." அமுக்கிக்கொண்டே தொடர்ந்தான். "அந்த உப்புப் பொட்டலத்த நான் வைகையாத்துல எறிஞ்சுட்டேன் மாமா. இனிமே என் கடையில மீனுக்கு உப்புக் கெடையாது. அழுகுனா அழுகட்டும்."

"நாலு நாள் யாவாரம் ஓடுமா அப்பறம்?" என்றாள் ஆரோக்கியம். "இங்கன குடு பையை. நீ போயி டீ குடி."

"நீ மெதுவா அமுக்குற அக்கா."

"அவுகளுக்கு நான் அமுக்குற வேகந்தேன் பழக்கம். போலே."

உள்ளே நான் சிரித்தேன். அது வெளியே எங்கும் தெரிந்திருக்காது.

22-ஆம் தேதி மாலை ஓர் இயந்திரம் காலியானது. அது எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை, குறிப்பேட்டிலும் எழுதவில்லை. அதில் இருந்தவரின் மனைவி ஆரோக்கியத்திடம் விட்டுப் போன எவர்சில்வர் டம்ளர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது.

23-ஆம் தேதி, திங்கள், பிற்பகல். டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிட வேகமாக வந்தது. என் காதருகே குனிந்து தந்தியைப் படித்தார்.

"பாசிட்டிவ். மிக அதிகம். கடிதம் பின்னால்."

அறுவை மருத்துவர் அன்று மாலையே வந்தார். "இருக்கலாம்" என்ற சொல்லை யாரும் பிறகு பயன்படுத்தவில்லை.

ரத்தத்தின் கெட்ட நீரை வடித்து மாற்றுவதும் மாத்திரைகளுமாக ஒரு வாரம் போனது. ஜனவரி 30-ல் குழாயை எடுத்தார்கள். பிப்ரவரி 9, வியாழன், நெஞ்சைத் திறந்து சுரப்பியை எடுத்தார்கள். தையல் வலியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை. மார்ச் 2, வெள்ளி, வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று காலை ஒரே மூச்சில் முப்பத்தொன்று. சேர்ந்த அன்றைய அதே எண். ஆனால் இம்முறை மாலையிலும் முப்பத்தொன்று.

*

ஆராய்ச்சிக்கூடத்தின் கடிதம் அறுவைக்கு முன்பே டாக்டரம்மாவுக்கு வந்திருந்தது. வீட்டுக்குப் போகும் நாளில் எனக்குப் பிரதி கொடுத்தார். அளவுகளுக்குக் கீழே சோதனையில் பயன்பட்ட வினைப்பொருள்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். ஆரோக்கியத்துக்குத் தமிழில் சொன்னேன். பாம்பு வரி வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அப்ப பாம்பு இருந்துச்சு."

"சோதனைக் குழாயில இருந்துச்சு."

"எங்கன இருந்தா என்ன? கட்டுவிரியன்னு நாந்தேன் மொத சொன்னேன். நீங்கதேன் நம்பல."



பட்டியலின் முதல் வரி என்னை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது. "ஏற்பி: மனிதக் கெண்டைத் தசை, துண்டிக்கப்பட்ட கீழ்க்கால், தொகுதி 7." ஒரு காலுக்கு ஒரு தொகுதி எண்ணாம். பாம்பைப் பிடிக்கக் கூலி கொடுத்திருப்பார்கள். ஆட்டுக்குத் தீனி போட்டிருப்பார்கள். கால் இழந்தவருக்குத் தன் கால் எங்கே போயிற்று என்றே தெரிந்திருக்காது. என் ரத்தத்தின் காவலாட்கள் பிடித்துக் காட்டிக்கொடுத்தது அவருடைய தசையைத்தான். அது இல்லாவிட்டால் நான் "இருக்கலாம்" என்ற சொல்லோடு மார்ச் வரை கிடந்திருக்க வேண்டும். என் எண்கள் மார்ச் வரை போயிருக்காது.

தொகுதி ஏழு யாருடையது என்று கேட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு 1985 ஆகஸ்டில் ஒரு பதில் வந்தது. பெயர்கள் பதிவு செய்யப்படுவதில்லை என்று அதில் எழுதியிருந்தது. கீழே வேறு கையெழுத்தில் ஒரு வரி. வெட்டி எடுத்த காலை வாங்கிவரப் போன ஊழியரின் நினைவின்படி, அவர் ஓசூர்ச் சாலை விபத்தில் சிக்கிய லாரி டிரைவர், நாற்பது வயது இருக்கலாம், தமிழ் பேசினார்.

தாசுவிடம் படித்துக் காட்டினேன். மீன் லாரிகள் நிற்கும் டீக்கடைகளில் எல்லாம் அவன் இப்போது அதைக் கேட்கிறான் என்று வேறொருவர் மூலம் தெரிந்தது. போன மாதம் சொன்னான்: "மாமா, திண்டுக்கல் பக்கம் ஒருத்தர் இருக்காராம். எடது காலு இல்ல. ஓசூர்லதேன் போச்சாம். பஞ்சர் கடை வச்சிருக்காராம்."

"எந்த வருசம் போச்சுன்னு கேட்டியா?"

"அத நீங்களே வந்து கேளுங்க. வருசங் கேக்குறது ஒங்க வேல."

இன்று, 1986 ஜூன் 14, சனி. காலை நாற்பத்து நான்கு, மாலை நாற்பத்து மூன்று. வரும் வாரம் தாசுவோடு திண்டுக்கல் போகிறேன். தொகுதி ஏழு வலது காலா, இடது காலா என்று கடிதத்தில் இல்லை. அந்தப் பஞ்சர் கடைக்காரர் அவர்தானா என்பது இந்த வரியை எழுதும் வரை சரிபார்க்கப்படவில்லை.